சாட்சி மேடையில் சொல்லாதது

“உனக்கு ஒரு நாளாவது மாதா வந்திருக்காங்களா? வராதவ, வந்தவளப் பாத்துப் பொய்யின்னு எப்படிச் சொல்லுவே?” என்று அம்மா என்னிடம் கேட்டாள். கேட்டபோது மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். குரலில் சண்டை இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் வேதியியலில் முதுகலையும் படித்தேன். ஓசூரில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் தரப் பரிசோதனை செய்கிறேன். நான் சரி என்று சொல்லாமல் ஒரு பெட்டிகூட வாசலைத் தாண்டாது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. நாலு ஊர்க்காரர்கள் என்னிடம் மாத்திரை அட்டையைக் காட்டி விளக்கம் கேட்பார்கள். என் அம்மா மட்டும் கேட்கமாட்டாள்.

அம்மாவின் மார்பில் ஒரு கட்டி. ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் கெட்ட கட்டி என்று வந்தது. இப்போதே அறுத்து எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம், தள்ளிப்போட்டால் பரவிவிடும் என்று டாக்டர் எதையும் மறைக்காமல் சொன்னார். அம்மாவும் தலையாட்டினாள். ஆனால் மறுநாள் விடியற்காலை எங்கள் ஊர் மாதா கோயிலில், சிலை வைத்த குகை மாதிரியான கெபி முன்னால் முழங்காலில் நின்றிருந்தபோது, நெஞ்சில் வெந்நீர்த் துணியை வைத்தது போலச் சூடு பரவியதாம். மாதா வந்தாராம். கத்தி வைக்க விடாதே என்றாராம்.

“காதுல வார்த்தையா கேட்டுச்சாம்மா?”

“வார்த்தையில்ல. தெரிஞ்சிச்சு.”

“சூடு தெரிஞ்சிச்சு, சரி. கத்தி வேண்டாங்கறது எப்படித் தெரிஞ்சிச்சு?”

“அதான் சொல்றனே, தெரிஞ்சிச்சுன்னு.”

இதற்குச் சில வாரங்களுக்கு முன் இண்டூரில் ஒரு ஜெபக் கூட்டம் நடந்தது. கடத்தூர் பிலோமினா என்பவர் மேடையேறிச் சாட்சி சொன்னார். அவருக்கும் இதே இடத்தில் கட்டி. மாதா தொட்டு எடுத்துவிட்டார் என்று அழுதுகொண்டே சொன்னாராம். அந்தப் பேச்சு வாட்ஸாப்பில் எங்கள் ஊர் முழுக்கச் சுற்றியது. அம்மா அதை எத்தனை தடவை கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

பெங்களூரில் கட்டட வேலை செய்யும் அப்பாவுக்குப் போன் போட்டேன். “உங்கம்மா பாடு, மாதா பாடு. நடுவுல என்ன ஏன் இழுக்கறே?” என்று வைத்துவிட்டார்.

கடைசியில் அம்மாவே ஒரு வழி சொன்னாள். “நீ போயி அந்தப் பிலோமினாவப் பாரு. கத்தி பட்டுதான் கொணமாச்சின்னு அவ வாயால சொன்னா, நான் வந்து படுத்துக்கறேன்.”

அன்றே லீவு சொன்னேன்.

தருமபுரி மாவட்டத்துக்குள்தான் பயணம். இருந்தும் எனக்கு ஓசூரின் ஒவ்வொரு தெருவும் தெரியும், கடத்தூர் தெரியாது. வத்தல்மலையை எங்கள் வயலிலிருந்து நீலமாகப் பார்த்ததோடு சரி. ஊரில் எல்லோரும் சொந்த மாவட்டம் என்கிறார்கள். நான் வேற்று நாட்டுக்குப் போகிறவளைப் போலத்தான் தண்ணீர் பாட்டிலும் போர்வையுமாகக் கிளம்பினேன்.

முதல் நாள் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். தமிழ்க் கூட்டத்தில் யாருக்கும் புரியாது என்ற தைரியம். ஓசூரில் இருக்கும் எனக்கு எல்லாம் புரிந்தது.

“என் மாமியாருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அம்மன் இறங்குகிறாள்.”

“மற்ற நாட்களில்?”

“மற்ற நாட்களில் நான் வேலைக்குப் போய்விடுகிறேனே. யாரைத் திட்டுவாள்?”

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்ச தூரம் போனதும் அதே பெண் குரலைத் தாழ்த்தி, “ஆனால் என் பையனுக்கு ஆபத்து வரும் என்று சொன்னாளே, அந்த வாரமே வண்டியிலிருந்து விழுந்தானே” என்றாள். மற்றவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சிரித்த ஈரம் உதட்டில் காய்வதற்குள் நம்பிக்கை வந்துவிட்டது. சொல்லி நடக்காமல் போன வாரங்களை இருவரில் ஒருவரும் நினைக்கவில்லை.

கடத்தூரில் இறங்கியபோது நல்ல பசி. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் பூரி கேட்டேன். பூரி தீர்ந்துவிட்டது, களி இருக்கிறது என்றார்கள். கீரைக் கடைசலோடு ஒரு உருண்டை ராகிக் களி வந்தது. எங்கள் வீட்டுக் களியைவிடக் கெட்டி. விரலில் ஒட்டவே இல்லை. ஓசூரில் இதையே அழகான கிண்ணத்தில் வைத்து ஆரோக்கிய உணவு என்று விற்கிறார்கள். ஒரே வாய் உள்ளே போனதும் அம்மாவின் ஞாபகம் வந்தது. மீதியை அவசரமாக முடித்துவிட்டு எழுந்தேன்.

வெற்றிலைக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் விசாரித்தேன்.

“எந்தப் பிலோமினாங்க? சாட்சி பிலோமினாவா?”

அவருக்கு இப்போது அதுதான் பெயர். வழி காட்டிய வீட்டில் பிலோமினாவின் அண்ணன் மனைவி புளி தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

“அவ இங்க இல்ல. வத்தல்மலையில காப்பி பறிக்கப் போயிட்டா. இங்க இருந்தா விட்டாத்தானே? தினம் நாலு பேரு வந்து தலைமேல கை வையி, தண்ணிய மந்திரிச்சிக் குடுன்னு நிக்கறாங்க. வூட்ல ஒரு வேல ஓடல.”

“அவங்களுக்கு நெஜமாவே கொணமாயிடுச்சிங்களா?”

“உசுரோடதானே இருக்கா? அப்புறம் என்னா?”

“எப்படிக் கொணமாச்சின்னு கேக்கறேன்.”

புளியைத் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அத அவளையே கேளு கண்ணு. மேடையேறுனது அவதான், நானில்ல.”

அன்றிரவு தருமபுரியில் என்னோடு படித்த தோழி வீட்டில் தங்கினேன். மறுநாள் காலை மலைக்குப் போகும் பேருந்தைக் கண்ணெதிரே தவறவிட்டேன். கை காட்டினேன், ஓட்டுநரும் பதிலுக்குக் கை காட்டிவிட்டுப் போனார். அடுத்தது எப்போது என்று கேட்டால் ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். மலைக்குச் சிமென்ட் ஏற்றிப் போகும் பிக்கப் வண்டி ஒன்று கிடைத்தது. அதில் ஏற்கெனவே இண்டூரைச் சேர்ந்த ஒரு விவசாயக் குடும்பம் இருந்தது. புருஷன், பெண்டாட்டி, அவருடைய தம்பி, கழுத்தில் மாலை போட்ட ஒரு கிடா. ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வந்ததற்காக, அடிவாரத்தில் இருக்கும் குலசாமிக்கு நேர்ந்த கிடா அது. சிமென்ட் மூட்டைமேல் எனக்கும் அதற்கும் பக்கத்துப் பக்கத்து இடம். அது என் துப்பட்டாவின் நுனியைத் தின்றுவிட்டது.

அடிவாரத்தில் வண்டியை நிறுத்திப் பூசை முடியும்வரை இருக்கச் சொன்னார்கள். ஓட்டுநரும் சரி என்றார். அவருக்குக் கறியில் ஒரு கண். கிடாவின்மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டு எல்லோரும் அதன் முகத்தையே பார்த்தார்கள். கிடா உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். சிலுப்பாமல் வெட்டக்கூடாது.

கிடா நின்றது. அசையவில்லை.

“உங்க அக்கா பெரியவளுக்குச் சொல்லாம வந்தோமில்ல, அதான்” என்றார் பெண்டாட்டி.

“போன்ல சொன்னனே.”

“போன்ல சொன்னா அது சொன்னதா? இன்னொரு சொம்பு ஊத்துங்க.”

ஊற்றினார்கள். பெரியவளுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார்கள். மறுபடி ஊற்றினார்கள். தம்பி அதன் காதுக்குள் ஊற்றினார். கிடா தலையிலிருந்து வால்வரை ஒரு உதறு உதறியது. குலவை கிளம்பியது. அந்தப் பெண்ணின் கண்ணில் நிஜமாகவே நீர்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. “காதுல தண்ணி போனா ஆடு சிலுப்பத்தானேங்க்கா செய்யும்?”

“அப்ப மொதல்ல ஊத்துனப்ப ஏன் சிலுப்பல?” என்றார் அவர், கண்ணைத் துடைத்தபடியே. வழியிலேயே என் பெயரைக் கேட்டுவைத்திருந்தார். “நீங்க சர்ச்சுக்காரங்க, உங்களுக்கு இது தெரியாது. இருந்து சாப்ட்டுட்டுப் போங்க.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.  வண்டி ஏறிய பிறகு மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே போனேன். என் ஆய்வகத்தில் ஒரு சோதனை ‘இல்லை’ என்று சொல்லவே வழியில்லை என்றால் அதைச் சோதனை என்று யாரும் ஏற்கமாட்டார்கள். சிலுப்பும்வரை ஊற்றுகிற தண்ணீருக்கு ‘ஆமாம்’ தவிர வேறு பதிலே கிடையாது. சர்ச்சுக்காரர்களான நாங்களும் வேறென்ன செய்கிறோம்? ஜெபித்துப் பிழைத்தவர் மேடையேறுகிறார். ஜெபித்தும் செத்தவர் எங்கே ஏறுவார்?

கொண்டைஊசி வளைவுகளில் பாதி ஏறியதும் பிக்கப்பின் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. வண்டி ஆறட்டும், நீங்கள் நடங்கள் என்றார் ஓட்டுநர். நடந்தேன். தை மாதத்துக் குளிர் காதைக் கடித்தது. கீழே எங்கள் ஊர்ப் பக்கம் காய்ந்த மண்ணாகக் கிடந்தது. மேலே சவுக்கு போல உயர்ந்த மரங்களில் மிளகுக் கொடி சுற்றியிருந்தது, அடியில் காப்பிச் செடி. ஒரே மாவட்டம், ஒரே ரேஷன் அரிசி, ஆனால் வேறு தேசம். எதிரே வந்த ஒரு பெரியவர், “ஆரூட்டுக்குப் போற பாப்பா?” என்று கேட்டு, நான் பெயரைச் சொன்னதும் கூடவே வந்து காப்பித் தோட்டத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

பிலோமினாக்கா காப்பிக்கொட்டையைக் களத்தில் காலால் பரப்பிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் துண்டு, மேலே ஆண்பிள்ளைச் சட்டை.

“யாரும்மா நீ? தலைமேல கையெல்லாம் வெக்கறதில்ல நான். நிறுத்திட்டேன்.”

“அதுக்கு வரலைங்க்கா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்.”

“கேக்கறதுக்கு முந்தி சாப்புடு. மூஞ்சி வெளுத்துக் கெடக்குது.”

குடிசைக்குள் கூட்டிப்போய்ச் சாமைச் சோறும் கொள்ளு ரசமும் போட்டார். நான் சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். கட்டி எப்படிப் போனது?

“அறுத்துத்தான் எடுத்தாங்க. சேலத்துல. வேற எப்படிப் போகும்?”

சோறு கையிலேயே நின்றுவிட்டது. “பின்ன மேடையில அதச் சொல்லவே இல்லையேங்க்கா?”

“மேடையில எவ சொல்றா?” அவருக்கு என் கேள்விதான் வினோதமாக இருந்தது. “ஏத்தறதுக்கு முந்தியே சொல்லித்தான் ஏத்துவாங்க. டாக்டரு, ஆஸ்பத்திரி, மாத்திரை இதெல்லாம் வாயில வரக்கூடாது. ஆண்டவரோட மகிமையப் பங்கு போட்ட மாதிரி ஆயிடுமாம். கலியாணப் பத்திரிகையில சமையக்காரன் பேரப் போடறமா? அது மாதிரிதான். சாட்சி சொல்ற அத்தன பேரும் அப்படித்தான் சொல்றோம். கேக்கறவங்களுக்கும் தெரியும்.”

“எங்கம்மாவுக்குத் தெரியலைங்க்கா. உங்க பேச்சக் கேட்டுட்டு ஆபரேஷன் வேண்டாங்கறாங்க.”

அவர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். விறகை உள்ளே தள்ளிவிட்டு, “எத்தன மாசமா இருக்குது கட்டி?” என்றார். சொன்னேன். “அய்யோ” என்றார்.  பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு, சட்டையைத் திறந்து காட்டினார். ஒரு பக்கம் தட்டையாக, அக்குள்வரை ஓடிய தழும்பு. ஓரத்தில் தையல் புள்ளிகள்.

எனக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது. அத்தோடு நான் கிளம்பியிருக்கலாம்.

“ஆனா ஒண்ணு கேட்டுக்கோ” என்றார், பொத்தானைப் போட்டுக் கதவைத் திறந்தபடி. “மாதாம்மா வந்தது நெஜம். டேபிள்ல படுக்க வெச்சாங்களா, நான் நடுங்கிக்கிட்டுக் கெடந்தேன். கால்மாட்டுல வந்து நின்னாங்க. பழைய பச்சச் சேல. களையெடுக்கப் போற பொம்பள மாதிரி.”

“பச்சச் சேலையா? அப்ப மாதான்னு எப்படித் தெரிஞ்சிது?”

“உங்கம்மாவ நீ சேலைய வெச்சா கண்டுபுடிக்கறே?”

“மயக்க மருந்து அப்படியெல்லாம் காட்டுங்க்கா.”

“உங்க கம்பெனியில மாதா வர மருந்து செய்யறீங்களா? எனக்கு ரெண்டு அட்ட குடுத்துட்டுப் போ.” பக்கத்துக் களத்தில் இருந்த பெண் உரக்கச் சிரித்தாள். பிலோமினாக்கா சிரிக்கவில்லை. “டாக்டரு வலிக்குதாம்மான்னு கேட்டாரு. ஆமாங்கன்னேன். எழுதிக்கிட்டாரு. என் வலிய அவரு பாத்தாரா? நான் சொன்னத நம்புனாரு. அத நம்பலாம், இத நம்பக்கூடாதா?”

இதற்கு நான் சொன்ன பதிலை இப்போதும் சரி என்றே நினைக்கிறேன். வலி உங்கள் உடம்பில் நடப்பது, அதை நீங்கள்தான் சொல்ல முடியும். மாதா அந்த அறையில் நின்றார் என்றால் அது உங்களுக்கு வெளியே நடந்த விஷயம், கூட இருந்த நர்சுக்கும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் பயம் தீர்ந்தது என்பதற்கு நீங்கள் சாட்சி. வந்தது யார் என்பதற்கு இல்லை. இப்படிப் படிப்படியாகச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் பேசறே. படிச்ச புள்ள. ரசம் ஊத்தட்டுமா?” என்றார். தோற்றவர் முகமாக அது இல்லை. ஜெயித்தவளாக எனக்கும் தோன்றவில்லை. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதுதான் கசந்தது. பொய்யாக இருந்திருந்தால் தூக்கி எறிந்திருப்பேன்.

கைப்பேசியை எடுத்து, ஆபரேஷன் நடந்ததை மட்டும் அம்மாவுக்காக ஒரு வார்த்தை பேசச் சொன்னேன். அவர் கையால் மறைத்துக்கொண்டார். “வேண்டாம் பாப்பா. குரூப்புல சுத்திச்சின்னா பிலோமினா மேடையில பொய் சொன்னான்னு ஆயிடும். எங்கண்ணன் மகளுக்கு மாப்பிள பேசிக்கிட்டிருக்காங்க. நீ பாத்தியில்ல? நீயே போயிச் சொல்லு. நீ சொன்னா உங்கம்மா நம்பாதா?”

போன் நம்பரை மட்டும் கொடுத்தார். சாயங்காலப் பேருந்தில் இறங்கினேன். வளைவுக்கு வளைவு யாரோ வாந்தியெடுத்தார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் வீட்டில் அம்மா எனக்காகக் கோழி அடித்திருந்தாள். சாப்பிடும்வரை எதுவும் கேட்கவில்லை. கை கழுவியதும் சொன்னேன். அறுத்துத்தான் எடுத்திருக்கிறார்கள், தழும்பை என் கண்ணால் பார்த்தேன், சாட்சி சொல்கிறவர்கள் ஆஸ்பத்திரியைச் சொல்லக் கூடாது என்பது மேடைப் பழக்கம்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“போட்டோ இருக்கா?”

“இல்லம்மா. எடுக்க விடல.”

“அவ பேசுனது?”

“அதுவும் விடல. நான் பாத்தேம்மா. இந்தக் கண்ணால பாத்தேன்.”

“நான் கெபியில கண்டதச் சொன்னப்ப என்னா சொன்னே? ஆதாரம் எங்கன்னு கேட்டே. நீ பாத்தத மட்டும் நான் அப்படியே நம்பணுமா?”

“ரெண்டும் ஒண்ணாம்மா? நீ மலைக்கு வந்தா உனக்கும் அந்தத் தழும்பு தெரியும்.”

“நீ கெபிக்கு வந்து நில்லு. உனக்கும் தெரியும்.”

“சின்னப் புள்ளையிலேருந்து நின்னனே! முட்டி தேயத் தேய நின்னேன். ஒண்ணும் வரல. அத எந்த மேடையில சொல்றது?”

நான் கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தம் குறைந்தது. அம்மா எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். போகும்போது, “ஆபரேஷன்லதான் கொணமாச்சின்னே வெச்சுக்க. அவளுக்கு அப்படி. எனக்கு வேணாம்னுதான் சொன்னாங்க” என்றாள். அவளே வைத்த நிபந்தனை அத்தோடு முடிந்தது. தட்டைக் கழுவும்போது இடது கையைத் தூக்க முடியாமல் உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள். என் படிப்பு, டாக்டரின் படிப்பு, ஊசி போட்டுப் பார்த்த முடிவு எல்லாமாகச் சேர்ந்தும் அவள் நெஞ்சில் பரவிய ஒரு சூட்டை அசைக்க முடியவில்லை. அந்தச் சூடே கட்டியின் சூடாக இருக்கலாம் என்று நினைத்தேன். 

வயலுக்குப் போய் நின்று பிலோமினாக்காவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.  “மாப்பிள வூடு என்னா சொன்னாலும் சொல்லிட்டுப் போறாங்க. நான் எறங்கி வரேன். தழும்பக் காட்டறேன்” என்றார். “ஆனா தழும்ப மட்டும் காட்ட மாட்டேன். மாதாம்மா வந்து நின்னதையும் சொல்லுவேன். கத்தி வெக்கற எடத்துக்கே அவங்க வந்தாங்கன்னு சொல்லுவேன். அப்ப நீ அங்க இருக்கக் கூடாது. நீ இருந்தா மொறைப்பே.”

சரி என்றேன். நான் நம்பாத ஒன்றை, என் அம்மாவை நம்ப வைக்க, நானே போன் போட்டு ஆளை வரவழைக்கிறேன். இப்படி ஒரு மாத்திரையை ஆய்வகத்தில் என்னிடம் கொண்டுவந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

நேற்று பிலோமினாக்கா வந்து இறங்கினார். அம்மாவும் அவரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார்கள். அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. இன்று காலை தருமபுரிக்குப் போய் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குச் சொல்லி வைத்தேன். நோயாளியோடு ஒரு பெண்தான் தங்கலாம், யார் இருப்பீர்கள் என்று நர்ஸ் கேட்டார். மகள் நான்தான் என்று வாய்வரை வந்தது. பிலோமினா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.